டயரின் பக்கத்தில் ஒரு புடைப்பு: ஒட்டிச் சமாளிக்கலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மழைக்காலம் தொடங்கினால் டயர் கடைகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கும். "பாஸ், நேத்து குழியில விழுந்துச்சு. பக்கத்துல சின்னதா வீங்கியிருக்கு. இன்னும் ஓட்டலாமா?"

கடைக்காரர் குனிந்து பார்ப்பார், விரலால் அழுத்துவார். சில கடைகளில் "மாத்திடுங்க" என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். வேறு சில கடைகளில் "போலே தாஹான் லா, பின்னாடி மாத்திப் போட்டுக்கலாம்" என்பார்கள்.

முதல் பதில்தான் சரி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம்மில் பலர் இரண்டாவது பதிலைக் கேட்கத்தான் ஆசைப்படுகிறோம். அதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. குழி விழுந்த சாலை, டயருக்குப் பணம் தராத காப்புறுதி, சொந்தக் கார்களை யாரும் பரிசோதிக்காத நடைமுறை எல்லாம் சேர்ந்து அந்தப் புடைப்பை உங்கள் தனிப்பட்ட பிரச்சினை ஆக்கிவிடுகின்றன.

முதலில் டயரைப் பார்ப்போம்.

வீங்குவது ரப்பர், அறுந்தது நூல்

டயர் வெறும் ரப்பர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் காரின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்றைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது ரப்பருக்குள் புதைந்திருக்கும் நூல்கள். இன்றைய கார்களில் இருப்பது ரேடியல் டயர். அதில் பாலியெஸ்டர் நூல்கள் ரிம்மைக் கவ்வும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, விலா எலும்பு மாதிரி வரிசையாக ஓடுகின்றன.

சாலையைத் தொடும் பகுதியான டிரெட்டுக்குக் கீழே, இந்த நூலுக்கு மேல் எஃகுக் கம்பிப் பட்டைகளும் இருக்கும். அதனால்தான் அங்கே ஆணி குத்தினாலும் டயர் தன் உருவத்தை இழப்பதில்லை. பக்கச்சுவரில், அதாவது நாம் சைட்வால் என்று சொல்லும் இடத்தில், அந்த எஃகுப் பட்டை கிடையாது. ஓரிரு அடுக்கு நூல், அதன் மேல் மெல்லிய ரப்பர். அவ்வளவுதான்.

பக்கச்சுவர் மெல்லியதாக இருப்பது குறை இல்லை, அது வளைய வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தடவை மடங்கி நிமிரும். சிறிய காரின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போய்ச் சேருவதற்குள் ஒரு லட்சம் தடவைக்கு மேல் அது மடங்கி நிமிர்ந்திருக்கும்.

இப்போது குழிக்கு வருவோம். சக்கரம் குழிக்குள் இறங்கும்போது பெரிய சேதம் வருவதில்லை. மறுபக்க விளிம்பில் ஏறும்போதுதான் அடி விழுகிறது. அந்தக் கூர்மையான விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்குகிறது. ரப்பர் இழுபடும், திரும்பி வரும். நூல் அப்படி இழுபடாது, அறுந்துவிடும். அறுந்த இடத்தில் காற்றை அடக்க ஆளில்லாததால் ரப்பர் வெளியே தள்ளப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் புடைப்பு அதுதான்.

எனவே புடைப்பு என்பது "சேதம் வரப்போகிறது" என்ற எச்சரிக்கை இல்லை. சேதம் ஏற்கெனவே ஆகிவிட்டது. நூல் செய்ய வேண்டிய வேலையை இப்போது ரப்பர் தனியாகச் செய்துகொண்டிருக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஒரு மாதம் ஓடலாம். நாளை மத்தியான வெயிலில், நெடுஞ்சாலையில், ஐந்து பேரும் சாமான்களும் இருக்கும்போது வெடிக்கலாம். வேகம், பாரம், சூடு மூன்றும் சேரும் நேரம்தான் அதற்கு மோசமான நேரம்.

அப்போ ஒட்டுப் போட்டால் என்ன? ஒட்டு செய்யும் வேலை காற்றுக் கசிவை அடைப்பது. அறுந்த நூலை அது இணைக்காது. மேலும், ஓயாமல் மடங்கும் இடத்தில் ஒட்டு நிலைத்து நிற்காது. டயர்த் தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம், டிரெட்டின் நடுப்பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையிலான துளையை மட்டும் பழுதுபார்ப்பது. ஓரத்துக்குப் போனால் இல்லை, பக்கச்சுவர் என்றால் இல்லவே இல்லை. "லோரி டயருக்கெல்லாம் பக்கத்துல ஒட்டுறாங்களே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், கனரக வாகன டயர்களுக்கு அப்படியொரு சிறப்புப் பழுதுபார்ப்பு உண்டு. அந்த டயரின் கட்டமைப்பே வேறு. அதை வைத்து மைவிக்குக் கணக்குப் போட வேண்டாம்.

எல்லாமே ஆபத்து இல்லை

பயந்து போய்த் தேவையில்லாமல் டயர் மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இது.

பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக உள்பக்கம் அமுங்கிய ஒரு கோடு போலத் தெரிகிறதா? பெரும்பாலும் அது பழுது இல்லை. தயாரிக்கும்போது நூல் அடுக்கின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணையும் இடம் அது. அங்கே நூல் இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடங்களைவிடக் குறைவாக விரிகிறது, அதனால் பள்ளமாகத் தெரிகிறது. உள்ளே போனால் பெரும்பாலும் கவலையில்லை, வெளியே வந்தால் ஆபத்து. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

கார் நிறுத்தும்போது கல்மேடையில் உரசி ரப்பர் சிராய்ந்திருந்தால், நூல் தெரியாதவரை பெரும்பாலும் அது தோல் சிராய்ப்புதான். வெட்டு ஆழமாக இருந்து, விரித்துப் பார்த்தால் உள்ளே நூல் தெரிகிறது என்றால் டயரின் கதை முடிந்தது. மெல்லிய தலைமுடி போன்ற வெடிப்புகள் நிறைய இருந்தால் அது வயதின் அடையாளம். நம் ஊர் வெயிலில் நாள் முழுதும் நிற்கும் கார்களில் இது சீக்கிரமே வரும்.

டயரின் வயதைப் பக்கச்சுவரிலேயே படிக்கலாம். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2323 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு தடவை நிபுணரிடம் காட்டவும், பத்து வயதானால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றவும் சில பெரிய டயர் நிறுவனங்களே சொல்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு சங்கதிகளும் உண்டு. ஒன்று, புடைப்பு டயரின் உள்பக்கச் சுவரிலும் வரலாம். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. குழியில் பலமாக அடிபட்ட பிறகு ஸ்டீயரிங் அதிர ஆரம்பித்தால் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் புடைப்பு அன்றே தெரியாமல் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். இரண்டாவது, காற்று இறங்கிய டயரில் "அடுத்த பெட்ரோல் நிலையம் வரைக்கும்தானே" என்று ஓட்டிப் போவது. அப்போது பக்கச்சுவர் ரிம்முக்கு அடியில் அரைபட்டு உள்ளே நூல் நைந்துவிடும். டயரைக் கழற்றினால் உள்ளே கறுப்புப் பொடி கொட்டும். ஆணி குத்தியது டிரெட்டில்தான் என்றாலும், அந்த டயரை ஒட்டிப் பயனில்லை. ஒட்டுவதற்கு முன் டயரைக் கழற்றி உள்ளே பார்க்கும் கடை நல்ல கடை. வெளியிலிருந்தே கயிற்றைக் குத்தி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடும் கடைக்கு இது தெரியவே போவதில்லை.

அழகான ரிம், மெலிந்த சுவர்

டயரில் 185/55 R15 என்று எழுதியிருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். பெரிய ரிம் ஆசையில் அதே காருக்கு 195/45 R16 போட்டால் சுவர் 88 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். குறைந்தது 14 மில்லிமீட்டர், பெருவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் மெத்தை அதுதான். பெரிய ரிம் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போட்டால் காற்றழுத்தத்தை அடிக்கடி பாருங்கள். காற்று குறைந்த டயர் சுலபமாக நசுங்கும்.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல். பல மாடல்களில், மின்கார்களில் குறிப்பாக, மாற்று டயரே இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு போத்தல் அடைப்புத் திரவமும் சிறிய காற்றுப் பம்பும் தருகிறார்கள். டிரெட்டில் ஆணி குத்தினால் அது உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றுக்கும் ஆகாது, காரை இழுத்துத்தான் போக வேண்டும். வாங்கும்போது ஆடியோ சிஸ்டம் பற்றிக் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை. காற்றழுத்த எச்சரிக்கை விளக்கையும் முழுதாக நம்ப முடியாது. காற்று குறைந்தால்தான் அது எரியும். புடைப்பு வந்த டயரில் காற்று அப்படியே இருக்கும்.

பணம் யார் தருவது?

"முழுக் காப்புறுதி எடுத்திருக்கேன், அவங்க பார்த்துக்குவாங்க." மன்னிக்கவும், பார்த்துக்கொள்ள மாட்டார்கள். மலேசியாவில் வழக்கமான தனியார் கார் காப்புறுதியில் டயர் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது. அதே சம்பவத்தில் காரின் மற்ற பாகமும் சேதமடைந்தால்தான் டயருக்கும் சேர்த்துக் கேட்க முடியும். அப்படிக் கேட்டாலும், உரிமைகோரல் இல்லாததற்கான தள்ளுபடி, நாம் என்சிடி என்று சொல்வது, போய்விடும். அது ஐந்து ஆண்டுகள் பொறுமையாக ஓட்டினால் 55 சதவீதம் வரை சேரும் தள்ளுபடி. ஒரு டயருக்காக அதை யாரும் விடமாட்டார்கள். முன்கண்ணாடிக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கட்டித் தனிப் பாதுகாப்பு வாங்கினால் என்சிடி பாதிக்காமல் கண்ணாடி மாற்றலாம். டயருக்கு அப்படி ஒரு பரவலான பழக்கம் இன்னும் வரவில்லை.

டயர் நிறுவனத்தின் உத்தரவாதமும் தயாரிப்புக் குறைக்குத்தான், குழிக்கு இல்லை. சில நிறுவனங்கள் சாலைச் சேதத்துக்கு மாற்று டயர் தரும் திட்டங்களை வைத்திருக்கின்றன. ஆனால் வாங்கிய சில நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், குறிப்பிட்ட காலம் வரைதான் செல்லும். ரசீதை டேஷ்போர்டு அறையில் போட்டு மறந்துவிடும் நமக்கு அது கிடைப்பது அபூர்வம்.

கடைசியில் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. நடுத்தரச் சம்பளத்தில், மாதக் கடைசியில், சின்னக் காருக்குக்கூட ஒரு டயருக்கு இருநூறு வெள்ளிக்குப் பக்கத்தில் என்றால் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தோன்றுவதில் வியப்பில்லை. பயன்படுத்திய டயர்களுக்குச் சந்தை இருப்பதும் இதனால்தான். அதில் ஒரு பொறி இருக்கிறது. டிரெட் தேயாத பழைய டயர் பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், ஆனால் அது என்ன அடி வாங்கியது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று வெளியில் எழுதியிருக்காது. தேயும் முன்பே முந்தைய உரிமையாளர் அதை ஏன் கழற்றினார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

குழி யாருடையது?

2020 டிசம்பரில் அப்போதைய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சர் கைரி ஜமாலுடின் பந்திங் பக்கம் சைக்கிள் ஓட்டும்போது குழியில் விழுந்து காயமடைந்தார். காயத்துடன் எடுத்த படத்தை அவரே பகிர்ந்தார். பொதுப்பணி அமைச்சராக இருந்த ஃபடில்லா யூசோப் மன்னிப்புக் கேட்டார். அமைச்சருக்கு ஒரு நியாயம், மோட்டார் சைக்கிளில் விழும் சாதாரண ஆளுக்கு ஒரு நியாயமா என்று மக்கள் கேட்டதில் தப்பில்லை. 2022-இல், கூட்டரசுச் சாலைகளில் குழிகளை 24 மணி நேரத்தில் அடைக்க வேண்டும் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது.

இங்கே 'கூட்டரசுச் சாலை' என்பது முக்கியமான சொல். நம் கண்ணுக்கு எல்லாமே தார் சாலைதான். ஆனால் கூட்டரசுச் சாலை பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. மாநிலச் சாலை மாநில அரசுடையது. தாமான் சாலை நகராட்சி மன்றத்தின் பொறுப்பு. டோல் நெடுஞ்சாலை அதை நடத்தும் நிறுவனத்திடம் இருக்கிறது, அதை மேற்பார்ப்பது மலேசிய நெடுஞ்சாலை வாரியம். சாலைப் பலகையில் வெறும் எண் இருந்தால் பெரும்பாலும் கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: சிலாங்கூருக்கு பி, பேராக்குக்கு ஏ, ஜொகூருக்கு ஜே. தவறான அலுவலகத்துக்குப் புகார் போனால் "இது எங்க ரோடு இல்ல" என்ற பதில்தான் வரும். பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் செயலியில் இடத்தைக் குறித்துப் படத்துடன் புகார் செய்யலாம். இழப்பீடு கேட்க நினைத்தால் குழியின் படம், அது இருக்கும் இடம், நேரம், டயரின் படம், கடை ரசீது எல்லாவற்றையும் அன்றே சேர்த்து வையுங்கள். டேஷ்கேம் பதிவு இருந்தால் அழிவதற்குள் எடுத்து வையுங்கள். கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் ஆதாரம் இல்லாமல் கேட்டால் கிடைக்காது என்பது உறுதி.

குழி எப்படி வருகிறது என்பதில் மழைக்கு மட்டும் பழி போடுவது வசதியான பேச்சு. தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே இறங்கி அடித்தளத்தை இளக்குகிறது, சரி. அந்த விரிசலைப் போடுவதில் பெரும்பங்கு கனரக வாகனங்களுக்கு. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு விதியைப் பயன்படுத்துகிறார்கள். அச்சின் பாரம் கூடக்கூட, சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் மடங்கில் ஏறும். பாரம் 20 சதவீதம் கூடினால் சேதம் இரட்டிப்பாகும். 2025 மே மாதம் தெலுக் இந்தானில் எஃப்ஆர்யூ வாகனத்தில் லோரி மோதி 9 போலீஸ்காரர்கள் உயிரிழந்த பிறகு, லோரிகளின் அதிக பாரம் நாடு முழுதும் பேசப்பட்டது. அது உயிர்ப் பிரச்சினை என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது. அதே அதிக பாரம் சாலையை உடைத்து, உங்கள் டயரையும் உடைக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லாபம் ஒரு பக்கம் போகிறது, டயர் பில் இன்னொரு பக்கம் வருகிறது.

யாரும் பார்ப்பதில்லை

சிங்கப்பூரில் கார் மூன்று வயதைத் தாண்டினால் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பரிசோதனை, பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். மலேசியாவில் லோரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. மூன்று வயதைத் தாண்டிய மின்னழைப்பு வாடகைக் கார்களும் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். சொந்தக் கார்? விற்கும்போது, உரிமை மாற்றும்போது மட்டும்தான். பத்து ஆண்டு ஒருவரிடமே இருக்கும் காரின் டயரை எந்த அதிகாரியும் பார்க்காமலேயே போகலாம்.

புஸ்பாகோமுக்கு இருந்த தனியுரிமை 2024 ஆகஸ்ட்டில் முடிந்து, பரிசோதனைத் துறை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நிலையங்கள் பெருகினால் சொந்தக் கார்களுக்கும் கட்டாயப் பரிசோதனை வரலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. எழ வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் அது எளிதாக வராது. பொதுப் போக்குவரத்து சரியாக இல்லாத ஊர்களில் பழைய காரைத்தான் நம்பிப் பலர் வேலைக்குப் போகிறார்கள். அவர்களிடம் "டயர் ஃபெயில், காரை நிறுத்து" என்றால் வேலையும் நிற்கும். பரிசோதனையைக் கொண்டுவருபவர்கள் அந்தச் செலவுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இன்றைக்கே புடைப்பைப் பார்த்துவிட்டால்?

நெடுஞ்சாலை வேண்டாம். மாற்று டயர் இருந்தால் அதைப் போடுங்கள். மெலிந்த தற்காலிக டயர் என்றால் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதன் மேலேயே எழுதியிருக்கும். மாற்று டயர் இல்லையென்றால் இழுவை வண்டிக்குச் சொல்வது நல்லது. பல காப்புறுதித் திட்டங்களில் இழுவைச் சேவை ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

"பின்னாடி மாத்திப் போட்டுக்கலாம்" என்ற அந்த ஆலோசனை தவறு. முன் டயர் வெடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சமாளிக்க வாய்ப்பு இருக்கிறது. பின் டயர் வெடித்தால் காரின் பின்பகுதி சுழல ஆரம்பிக்கும், பெரும்பாலான ஓட்டுநர்களால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இரண்டு புது டயர் மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்வதும் இதனால்தான். ஒன்று மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் அதே அச்சில் இருக்கும் மற்ற டயரோடு அளவும் வகையும் ஒத்துப்போக வேண்டும், தேய்மானமும் ரொம்ப வித்தியாசமாக இருக்கக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்தால் முதல் உந்துதல் பிரேக்கை ஓங்கி மிதிப்பதுதான். அதைச் செய்யாதீர்கள். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். கார் தானாக வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போடுங்கள். எல்லாரும் சாலைப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை என்றால் பிளஸ்ரோண்டா குழுவைக் கூப்பிடலாம். அவசரப் பாதையில் உட்கார்ந்து நீங்களே டயர் கழற்ற வேண்டாம், அதுவும் சாலைப் பக்கச் சக்கரம் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.